ஆறு மரத் துவக்குகளும் ஒரு கணக்கு வாத்தியாரும்

எங்கள் அண்ணா கணக்கு வாத்தியார் இல்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சரித்திரமும் அரசியலும் படிப்பித்தவர். கணக்குப் பாடத்தை அவரே இரண்டாந்தரம் எழுதித்தான் பாஸ் பண்ணினார். அப்படிப்பட்ட மனிதரைக் கணக்கு வாத்தியார் ஆக்கியது எங்கள் அம்மா.

யுத்த காலத்தில் நாங்கள் வெள்ளவத்தையில் இருந்தோம். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் இரண்டு அறை. அம்மா, அண்ணா, நான். அப்பா யாழ்ப்பாணத்திலேயே காலமாகிவிட்டார். நான் ஒரு காப்புறுதிக் கந்தோரில் கிளாக்காக வேலை செய்தேன். எங்கள் ஒழுங்கையில் பொலிஸார் வீடு வீடாகச் சோதனைக்கு வருவார்கள். அடையாள அட்டையைப் பார்ப்பார்கள், பொலிஸில் பதிந்த துண்டைப் பார்ப்பார்கள், பிறகு கேள்விகள். ஏன் கொழும்புக்கு வந்தாய், எப்போது வந்தாய், இவர் உனக்கு என்ன முறை, அவர் என்ன வேலை. ஒருவரை முன் அறையிலும் மற்றவரைக் குசினியிலும் வைத்து ஒரே கேள்வியைக் கேட்பார்கள். இரண்டு மறுமொழியும் ஒத்துப் போகாவிட்டால் ஜீப்பில் ஏற வேண்டியதுதான்.

அதனால் எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் எல்லாவற்றிலும் ஒரு வழக்கம் இருந்தது. எதைக் கேட்டாலும் வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். உண்மையாக இருந்தாலும் அதைப் பாடமாக்கித்தான் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பரீட்சை எடுப்பது அம்மா. சோற்றைப் போட்டுவிட்டுக் கறிச்சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார். “உன்ரை பெரியம்மா எங்கை இருக்கிறா?” தெஹிவளையில். “அவவின்ரை மூத்தவன் என்ன செய்யிறான்?” தடக்கினால் கறி வராது.

பக்கத்து ஒழுங்கையில் அரசியல் ரியூசன் கொடுத்த ஒருவரைக் கொண்டுபோய், நீ படிப்பிக்கிற அரசியல் என்ன அரசியல் என்று கேட்டுச் சில நாள் வைத்திருந்துவிட்டு விட்டார்கள். அதைக் கேள்விப்பட்ட அன்றே அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“இண்டையிலையிருந்து நீ கணக்குப் படிப்பிக்கிறாய்.”

“அம்மா, எனக்குக் கணக்கு வராது.”

“உன்னை ஆர் கணக்குச் செய்யச் சொன்னது? கேட்டா கணக்கு எண்டு சொல்லு. கணக்குக்குக் கட்சி இல்லை.”

அண்ணா சிரித்தார். அண்ணா எதற்கும் சிரிப்பார், அதுதான் அவருடைய வியாதி. நான் அப்படியில்லை. எனக்கு மூக்கு நுனியில் கோபம். ஆனால் அன்றைக்கு அம்மா சொன்னது எனக்கும் சரியாகத்தான் பட்டது. நாங்கள் மூன்று பேரும் அதைப் பாடமாக்கினோம். சோதனைக்கு வந்தவர்கள் ஒருமுறை கேட்டபோது அண்ணாவே “மெத்ஸ் டீச்சர்” என்று அழகாகச் சொன்னார். அவர்களும் தலையாட்டிவிட்டுப் போனார்கள். அதன் பிறகு அம்மாவின் கை வீட்டில் ஓங்கிவிட்டது.

அந்த வருஷம் பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவுக்கு அண்ணா ஒரு நாடகம் போட நினைத்தார். மேல் வகுப்பில் அவர் நடத்திய பாடம்தான் கதை. குடியேற்ற நாடுகள் எப்படிப் பேரரசிலிருந்து பிரிந்து தங்களுக்கென்று ஓர் அரசாங்கம் அமைத்தன என்பது. அமெரிக்காவின் பதின்மூன்று குடியேற்றங்கள். அரசன் கடலுக்கு அப்பால் இருக்கிறான். வரி போடுகிற சபையில் இவர்களுக்காகப் பேச ஓர் ஆள் இல்லை. கடைசியில் தேயிலை வரி வந்தபோது, துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் ஏறித் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டினார்கள். இதை எங்களுக்குச் சாப்பாட்டு மேசையில் வைத்து அண்ணா எத்தனை தரம் நடித்துக் காட்டியிருப்பார் என்று சொல்ல முடியாது. அரசனுக்கு அவர் கொடுத்த குரல் எங்கள் வீட்டுச் சொந்தக்காரரின் குரல்.

“அம்மா, என்ரை வகுப்பிலை பாதிப் பிள்ளையளின்ரை பாட்டன்மார் மலையிலை தேயிலைத் தோட்டத்து ஆக்கள். தேப்பன்மார் துறைமுகத்திலை பெட்டி தூக்கினம். இந்தக் கதையை அவங்களை விட்டா வேறை ஆர் நடிக்கிறது?”

“நல்ல தேயிலையைக் கடலிலை கொட்டுறதுக்கு ஒரு நாடகமோ? நாசம் பிடிச்ச வேலை,” என்றார் அம்மா.

அண்ணாவுக்குப் போரைவிடக் கடைசிக் காட்சிதான் முக்கியம். சண்டை முடிகிறது. புது அரசாங்கம் அமைக்க ஒரு மேசை போடுகிறார்கள். மேசையைச் சுற்றிக் கதிரைகள். பெட்டி தூக்கிக் கடலில் எறிந்தவர்கள் வந்து பார்க்கிறார்கள், அவர்களுக்குக் கதிரை இல்லை. அவ்வளவுதான், திரை. வெள்ளைக்காரன் இந்த நாட்டை விட்டுப் போனபோதும் இதுதான் நடந்தது என்பார் அண்ணா. புது அரசாங்கம் கதிரையில் இருந்த கையோடு, அந்தப் பிள்ளைகளின் பாட்டன்மாருக்கு இருந்த வாக்குரிமை போய்விட்டது, பிரஜாவுரிமை போய்விட்டது. “பிரியிறது லேசு, பிள்ளை. பிரிஞ்ச பிறகு ஆருக்குக் கதிரை, ஆருக்கு இல்லை எண்டு பாக்கிறதுதான் பாடம்,” என்று என்னிடம் சொன்னார். எனக்கு அது விளங்கியது. பிடித்தும் இருந்தது. அப்போது அதை அவரிடம் சொல்லவில்லை, தலையில் ஏறிவிடுவார் என்று.

தேயிலைப் பெட்டிகளுக்குக் குறைவில்லை. ஒரு பிள்ளையின் தகப்பன் தேயிலை ஸ்டோர்ஸ் ஒன்றில் வேலை செய்தார். உள்ளே வெள்ளித் தாள் ஒட்டிய பழைய பெட்டிகளை அவர் கொண்டுவந்து பள்ளிக்கூட மண்டபத்தில் அடுக்கிவிட்டார். பிரச்சினை வந்தது துவக்கில்தான், சண்டைக் காட்சிக்குத் துப்பாக்கி வேண்டுமே. முதலில் கூட்டுகிற தும்புத்தடியை வைத்துப் பழகினார்கள். முற்றம் கூட்டப் படை எடுத்த மாதிரி இருக்கிறது என்று அண்ணாவுக்கு மனம் கேட்கவில்லை. கொட்டாஞ்சேனையில் அவருக்குத் தெரிந்த தச்சுவேலை செய்கிற பாஸ் ஒருவரிடம் ஆறு மரத் துவக்குச் செய்வித்தார். அந்த பாஸ் நாட்டுநடப்புத் தெரிந்த மனிதர். செய்த கையோடு கடையில் வைத்திருக்க மாட்டேன் என்று அரிசிச் சாக்கில் போட்டுக் கட்டிக் கையில் கொடுத்துவிட்டார். அண்ணா அதை அப்படியே பஸ்ஸில் வைத்து வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்தார். அன்றைக்கு ஒரு சந்தியிலும் மறிக்கவில்லை. மறித்திருந்தால்கூட வெறும் மரம், பெயின்ற் இல்லை, பார்த்தவுடன் விளையாட்டுச் சாமான் என்று தெரியும்.

நான் கந்தோரால் வந்தபோது பல்கனியில் பழைய பேப்பர் விரித்து ஆறும் கிடந்தது. எங்கள் யன்னல் கம்பிக்குப் பூசி மிஞ்சிய கறுப்பு பெயின்ற். அண்ணா குந்தியிருந்து பூசிக்கொண்டிருந்தார்.

“அண்ணா, உங்களுக்கு விசரோ?”

“ஏன் பிள்ளை? இது இருநூறு வருசத்துக்கு முந்தின துவக்கு. குழாயைப் பார். இப்பத்தையத் துவக்கு இப்பிடியோ இருக்கு?”

“சந்தியிலை நிக்கிறவன் மியூசியத்திலையோ வேலை செய்யிறான்? பாத்தவுடனை நூற்றாண்டு சொல்ல?”

அதற்கும் சிரித்தார். இது நாடகச் சாமான் என்று பள்ளிக்கூடத்து அதிபர் கடிதம் தருவார் என்றார். அதிபருக்கு அந்தக் கிழமை சுகமில்லை, பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. வந்த பிறகு கொண்டுபோகலாமே என்றேன். ஒத்திகைக்கு நாள் இல்லை என்றார். நான் அம்மாவைக் கூப்பிட்டேன், இவருக்கு நீங்களாவது சொல்லுங்கள் என்று. அம்மா வந்து பல்கனியில் நின்று பார்த்தார். இயக்கத்தில் சேருகிற பிள்ளைகளுக்கு முதலில் மரத் துவக்கில்தான் பயிற்சி கொடுப்பார்கள் என்று ஊருக்கெல்லாம் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். ஆனால் அந்த நேரம் அவர் கண்ணில் பட்டது வேறு.

“மரம் தெரியுது. இன்னொரு தரம் பூசு. பரிசளிப்புக்குப் பெரிய ஆக்கள் வருவினம், பள்ளிக்கூடத்துக்கு மரியாதையில்லை.”

சொன்னதோடு நிற்கவில்லை. அடுத்த நாள் அண்ணா வேலைக்குப் போன பிறகு, பிரஷை எடுத்துத் தானே இரண்டாந்தரம் பூசி வைத்துவிட்டார். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடிக்குள் விட்ட கதை என்பார்களே, எங்கள் வீட்டில் அதைப் பிடித்தவர் ஒருவர், குளிப்பாட்டி விட்டவர் ஒருவர்.

அண்ணா அவற்றைக் கொண்டுபோன காலையில் நான் முதலே பஸ் எடுத்துவிட்டேன். அவர் சாக்கோடு ஒழுங்கை முகப்பில் வழக்கமாக நிற்கிற ஓட்டோவில் ஏறியிருக்கிறார். ஓட்டுபவர் சிங்களவர், அண்ணாவை ‘சேர்’ என்று கூப்பிடுவார், நல்ல மனிதர். காலி வீதியில் அன்றைக்கென்று திடீர்ச் சோதனை. சாக்கை அவிழ்க்கச் சொன்னார்கள். அவிழ்த்த ஆள் இரண்டடி பின்னால் பாய்ந்ததாக ஓட்டோக்காரர் பிறகு சொன்னார். இரண்டு பேரையும் றோட்டில் முழங்காலில் இருத்திவிட்டார்கள். ஓட்டோக்காரரை விசாரித்து மத்தியானம் விட்டார்கள். அவர் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லி, கீழ்க் கடையிலிருந்து என் கந்தோருக்குப் போன் எடுக்கவும் உதவி செய்திருக்கிறார். அவருக்கு அது எவ்வளவு ஆபத்து என்று எனக்குத் தெரியும். அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் உண்டு.

நான் ஓடிவந்தபோது அம்மா கதிரையில் நிமிர்ந்து இருந்தார். அழவில்லை. அவரைச் சுற்றி வீடு முழுக்கக் கிண்டிப் போட்டிருந்தது. ஓட்டோக்காரர் வருவதற்கு முதலே ஜீப்பில் பொலிஸ் வந்து போய்விட்டது. எதற்கு வந்தோம் என்று அவர்கள் சொல்லவில்லை. வழக்கமான சோதனை என்றுதான் அம்மா நினைத்திருக்கிறார்.

“கேட்டவங்கள், மகன் என்ன வேலை எண்டு. டீச்சர் எண்டன். என்ன பாடம் எண்டான். நான் கொஞ்சமும் தடக்கேல்லைப் பிள்ளை. கணக்கு எண்டு சொன்னன். திருப்பிக் கேட்டான். திருப்பியும் கணக்கு எண்டுதான் சொன்னன்.”

பரீட்சை பாஸான பிள்ளை மாதிரி என் முகத்தைப் பார்த்தார். நான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

“ஏன் பிள்ளை? அப்பிடித்தானே கதைச்சு வைச்சனாங்கள்?”

“கணக்கு வாத்தியாருக்கு என்னத்துக்கம்மா துவக்கு?”

 அப்போதுதான் அம்மாவின் கை நடுங்கத் தொடங்கியது. அது கடைசிவரை நிற்கவில்லை.

பொலிஸ் நிலையத்துக்கு நான் தனியாகத்தான் போனேன். போகிற வழியெல்லாம் ஒரு யோசனைதான். அண்ணா என்ன சொல்லியிருப்பார்? அம்மாவின் பிள்ளையாக இருந்தால் கணக்கு என்றிருப்பார். சாக்கு முன்னால் இருக்கும்போது எந்த விசரனும் சரித்திரம் என்றுதான் சொல்லுவான். அண்ணா இரண்டும்தான், அம்மாவின் பிள்ளை, விசரன். நான் எதைச் சொல்ல? நாடகம் என்றால்தான் துவக்குக்கு நியாயம் உண்டு. சரித்திரம் என்றால்தான் நாடகத்துக்கு நியாயம் உண்டு. உண்மையைச் சொல்வோம் என்று முடிவெடுத்தேன். உண்மை என்பதற்காக அல்ல, அதைவிட வேறு வழி தெரியவில்லை.

என்னை விசாரித்த அதிகாரி நடுத்தர வயது, களைத்த முகம். என்னை ‘நங்கி’ என்றார், தங்கச்சி என்று. கதிரை காட்டினார். பிளேன்ரீ வேண்டுமா என்று கேட்டார். அவர் கத்தியிருந்தால் எனக்கும் கோபம் வந்திருக்கும், கோபம் வந்தால் எனக்கு வாய் தானாக வேலை செய்யும். மரியாதையாகக் கதைக்கிற மனிதரிடம் என்ன செய்கிறது? மேசையில் ஆறு துவக்கும் வரிசையாகக் கிடந்தன. அம்மா இரண்டாந்தரம் பூசியது நன்றாகத்தான் பிடித்திருந்தது.

“அண்ணா என்ன படிப்பிக்கிறார்?” என்று சிங்களத்தில் கேட்டார்.

“சரித்திரம்.”

“உங்கள் அம்மா கணக்கு என்கிறார்.”

“அம்மாவுக்கு வயது, சேர். மாறிச் சொல்லியிருப்பார்.”

“அண்ணாவும் முதலில் கணக்கு என்றுதான் சொன்னார். இவற்றை எடுத்து மேசையில் வைத்த பிறகுதான் சரித்திரம் என்றார்.” அவர் குரலில் கோபமே இல்லை. “ஒரு வீட்டில் மூன்று பேர். ஏன் இரண்டு பேர் கணக்கு என்று சொன்னார்கள்?”

உங்களுக்குப் பயந்துதான் என்று சொல்லலாமா? அப்பாவிகளுக்கு ஏன் பயம் என்று கேட்பார். பக்கத்து ஒழுங்கை வாத்தியாரின் கதையைச் சொன்னால், அவரை உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். நான் மேசையில் கிடந்த துவக்குகளைப் பார்த்தேன். அவர் நேரம் கொடுத்துப் பார்த்துவிட்டு, சரி, சரித்திரம் என்றே வைப்போம், இது என்ன நாடகம் என்று கேட்டார்.

என்னுடைய சிங்களம் கந்தோர்ச் சிங்களம். தவணை தப்பிவிட்டது, கையெழுத்து இங்கே வையுங்கள், நாளைக்கு வாருங்கள், இவ்வளவும் சரளமாக வரும். பிரதிநிதித்துவம் என்பதற்குச் சிங்களத்தில் என்ன சொல் என்று எனக்குத் தெரியாது. குடியேற்ற நாட்டுக்குத் தெரியாது. ஆனால் பிரிவது, சண்டை, துவக்கு, தனி நாடு, இந்தச் சொற்கள் எல்லாம் தெரியும். ஒவ்வொரு நாளும் செய்தியில் கேட்டுக் கேட்டு வந்தவை. இந்தச் சொற்களை வைத்துத்தான் அண்ணாவின் நாடகத்தை நான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

“தூரத்தில் இருக்கிற ஓர் அரசனிடமிருந்து சனங்கள் பிரிகிறார்கள், சேர்.”

“ஏன்?”

“அரசாங்கத்தில் தங்களுக்கு இடமில்லை என்று.”

“அதற்காகத் துவக்கு எடுத்தார்கள்.”

“முதலில் எடுக்கவில்லை. கன காலம் கேட்டுப் பார்த்தார்கள்.”

“பிறகு?”

“பிறகு எடுத்தார்கள்.”

“தனி நாட்டுக்காக.”

“அது அமெரிக்கா, சேர். இருநூறு வருஷத்துக்கு முதல்.”

“தெரியும், நங்கி. நானும் பள்ளிக்கூடம் போனவன்தான்.” பேனையை எடுத்தார். “கடைசியில் என்ன நடக்கிறது? வென்றார்களா?”

 தோற்றார்கள் என்று சொல்லலாம். அரசனிடம் மன்னிப்புக் கேட்டுச் சமாதானமாகப் போனார்கள் என்று சொல்லலாம். உலகத்துச் சரித்திரத்தை அந்த மேசையில் வைத்து மாற்ற நான் ஆயத்தமாக இருந்தேன். ஆனால் அடுத்த அறையில் அண்ணா என்ன சொல்லி வைத்திருப்பார்? இவரோ பள்ளிக்கூடம் போனவர். இன்னும் ஒரு மறுமொழி ஒத்துப் போகாவிட்டால் முடிந்தது கதை.

“வென்றார்கள்,” என்றேன்.

அவர் அதை எழுதினார். நான் அவசரமாக, நாடகம் அதோடு முடியவில்லை, கடைசியில் ஒரு மேசை வரும், கதிரைகள் வரும் என்று தொடங்கினேன். கதிரைக்குச் சிங்களம் தெரியும். ஆனால் அந்தக் கதிரையில் என்ன இருக்கிறது என்று சொல்ல எனக்குச் சிங்களம் போதவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மேசையும் கதிரையும் சாக்கில் இல்லையே என்றார். பிறகு, போய் அம்மாவைப் பாருங்கள் என்று எழும்பிவிட்டார்.

வெளியே வரும்போது விறாந்தையில் அண்ணாவை நிலத்தில் இருத்தி வைத்திருந்தார்கள். சேர்ட்டில் ஒரு பொத்தானும் இல்லை. காவலுக்கு நின்றவர் பார்க்காத மாதிரி நின்றார். அண்ணா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“அம்மா என்ன சொன்னவ?”

“கணக்கு.”

அவருக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. “பாடம் மறக்கேல்லை,” என்றார். எனக்கு அவரைக் கட்டிப் பிடித்து அழவேண்டும் போலவும், அந்த இடத்திலேயே கொல்லவேண்டும் போலவும் இருந்தது.

அதற்குப் பிறகு அண்ணாவை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். பிறகு இன்னோர் இடம். வழக்கு என்று ஒன்று இல்லை, விசாரணை முடியவில்லை என்றார்கள். அதிபர் சுகமாகி வந்து, இவர் எங்கள் சரித்திர ஆசிரியர்தான், இது பள்ளிக்கூட நாடகம்தான் என்று முத்திரை குத்திய கடிதம் கொடுத்தார். கவனிக்கிறோம் என்றார்கள். வக்கீல் ஒருவரைப் பிடித்தோம். அவர் எங்களைவிடப் பயந்து போயிருந்தார். பரிசளிப்பு விழா நடக்கவில்லை. தச்சு பாஸ் கடையைப் பூட்டிவிட்டு ஹற்றன் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. தேயிலைப் பெட்டிகளில் பள்ளிக்கூடத்துப் பழைய விளக்குமாறுகளைப் போட்டு வைத்தார்களாம்.

அம்மா ஒருநாள் பிடிவாதமாக என்னோடு பொலிஸுக்கு வந்தார். தான் சொன்னதைத் திருத்த வேண்டுமாம். அதே அதிகாரியின் முன் நின்று, நடுங்குகிற கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு தமிழில் சொன்னார். “ஐயா, நான் பொய் சொன்னனான். என்ரை பிள்ளை கணக்கு வாத்தியார் இல்லை. பொய் சொன்னது நான், என்னைப் பிடிச்சு வையுங்கோ.” நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். அவர் அம்மாவை இருக்கச் சொன்னார். பிறகு என்னிடம் கேட்டார், அன்றைக்குச் சொன்னது பொய்யா, இன்றைக்குச் சொல்வது பொய்யா, எனக்கு எப்படித் தெரியும் என்று. நக்கலாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையில் தெரியாது. அதை நான் அம்மாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அம்மா கேட்டுவிட்டு, “அதுவும் சரிதானே,” என்றார்.

வீட்டுக்கு வந்து நான் வெடித்துவிட்டேன். கணக்கு, கணக்கு என்று எங்களைக் கிளி மாதிரிப் பழக்கினது நீங்கள், பெயின்ற் பூசினதும் நீங்கள் என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். கீழ் வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்தார்கள். அம்மா அசையவில்லை. “கத்து பிள்ளை,” என்றார். “ஆரேன் கத்தினாத்தான் நல்லது. எனக்கு ஏலுதில்லை.” அதன்பிறகு எனக்கும் ஏலவில்லை. இரண்டு பேரும் சோற்றைப் போட்டுச் சாப்பிட்டோம். கேள்வி கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

அண்ணாவை விட்டதற்கு நாங்கள் செய்தது ஒன்றும் காரணமில்லை. கடிதம் இல்லை, வக்கீல் இல்லை, அம்மாவின் நேர்த்திக்கடன் என்று அம்மா சொல்லுவார், அதுவும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஒருநாள் பின்னேரம் கதவைத் தட்டும் சத்தம். சோதனை என்று நினைத்து அடையாள அட்டையோடு போய்த் திறந்தேன். அண்ணா நின்றார். போகச் சொன்னார்களாம், வந்துவிட்டாராம். ஏன் பிடித்தோம் என்றும் சொல்லவில்லை, ஏன் விட்டோம் என்றும் சொல்லவில்லை. அம்மா குளிக்க வார்த்துவிட்டார். அவருடைய முதுகைப் பார்த்தது அம்மா மட்டும்தான். அதைப்பற்றி அம்மா என்னோடு ஒருநாளும் கதைக்கவில்லை.

பள்ளிக்கூடம் அவரைத் திருப்பி எடுத்தது. அண்ணா போனார். ஆனால் அந்தப் பாடத்தைப் புத்தகத்திலிருந்து வாசித்து எழுதுவிப்பதோடு விட்டுவிட்டார். வீட்டில் அரசனுடைய குரல் பிறகு கேட்கவில்லை. சிரிப்பு மட்டும் மிஞ்சியிருந்தது, அதுவும் பிந்தி வரும், நாங்கள் சிரித்து முடித்த பிறகு. இரண்டாந்தரம் அவரைக் கூட்டிக்கொண்டு போய் விசாரித்துவிட்டு விட்டபோது, அம்மா, இனி இவனை இஞ்சை வைச்சிருக்கேலாது என்றார். பெரியம்மாவின் மூத்தவன் மூலம் ஒழுங்கு செய்து, பல நாடு சுற்றி அண்ணா கனடா போய்ச் சேர்ந்தார்.

கனடாவைப் பற்றியும் அவர் எங்களுக்குப் படிப்பித்திருக்கிறார். பதின்மூன்று குடியேற்றங்களும் பிரிந்து போனபோது, வடக்கே இருந்தவர்கள் அரசனோடேயே நின்றுவிட்டார்கள். அவருடைய வகுப்புத் தேசப்படத்தில் அந்தப் பக்கத்தை நிறம் தீட்டாமல் விட்டிருப்பார். நாடகத்தில் அவர்களுக்கு வேலையில்லை.

வருஷங்கள் போயின. சண்டை முடியவில்லை. எங்கள் ஒழுங்கையில் சோதனையும் முடியவில்லை. அண்ணா ஒரு களஞ்சியத்தில் வேலை செய்தார், ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பார். ஒரு ஞாயிறு, தனக்கு அந்த நாட்டுப் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது என்றார். ஒரு மண்டபத்தில் எல்லா நாட்டுச் சனங்களையும் நிற்கவைத்து, வலது கையைத் தூக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினார்களாம்.

“என்ன சத்தியம் அண்ணா?”

“ராணிக்கும் அவவுக்குப் பிறகு வாற சந்ததிக்கும் விசுவாசமா இருப்பன் எண்டு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதே அரசனின் வம்சத்து ராணி. பெட்டி பெட்டியாகத் தேயிலையைக் கடலில் கொட்டுவித்த மனிதர். “அரசனுக்கு எதிரா நாடகம் போட்ட ஆளெல்லோ நீங்கள்,” என்றேன். பிந்தியாவது சிரிப்பார் என்று காத்திருந்தேன். 

“இருக்க ஒரு கதிரை தந்தவை, பிள்ளை,” என்றார் கடைசியில்.

அம்மா என் கையிலிருந்து போனைப் பறித்தார். அவருக்கு ராணியைப் பற்றிக் கவலையில்லை. கை நடுங்க நடுங்க வாயோடு ஒட்டிவைத்துக்கொண்டு கேட்டார்.

“உன்னைக் கேள்வி கேட்டவையோ மோனை? இலங்கையிலை என்ன செய்தனி எண்டு கேட்டவையோ?”

போன் சத்தமாகக் கேட்கும், பழைய போன். அண்ணா சொன்னது எனக்கும் கேட்டது.

“அங்கை கேக்கேல்லை அம்மா. வேலைக்குப் போன இடத்திலை கேட்டவை. கணக்குப் படிப்பிச்சனான் எண்டு சொன்னனான்.”

“நல்லது, மோனை,” என்றார் அம்மா. “ஆர் கேட்டாலும் அதையே சொல்லு.”